க்ரைம் நாவல் எழுதும் வரிசை: குற்றத்திலிருந்து ஒப்பந்தம் வரை

க்ரைம் நாவல் எழுதத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். பிணம் கிடைத்துவிட்டது, இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், நாலு பேரிடம் விசாரணையும் முடிந்தது. அடுத்து அவர் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். எதை என்று எழுதுகிறவருக்கே தெரியாது. ஒன்று, எழுதுவது அங்கேயே நின்றுவிடும். அல்லது வேறு வழி தெரியாமல் இரண்டாவது பிணம் விழும்.

வாசகர் படிக்கிற வரிசையிலேயே எழுதப் போவதால் வருகிற வினை இது. யார் செய்தது என்பது கடைசியில் தெரியவரும் நாவலுக்கு வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கீழே சொல்லியிருக்கிறேன். குற்றவாளியை முதலிலேயே காட்டிவிட்டு, மாட்டுவானா மாட்டமாட்டானா என்று இழுத்துப் போகிற கதைக்கும் முதல் மூன்று படிகள் அப்படியே பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தனி ஃபைல்கள் வேண்டும். முதலாவது ‘நடந்தது’: குற்றம் உண்மையில் எப்படி நடந்தது என்பது. இரண்டாவது ‘தெரிவது’: அது வாசகருக்கு எந்த வரிசையில் தெரியவருகிறது என்பது. மூன்றாவது ‘கேட்க வேண்டியது’: மருத்துவரிடமோ வக்கீலிடமோ சரிபார்க்க வேண்டிய கேள்விகள். ஏன் தனித்தனியாக? எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால், உங்களுக்குத் தெரிந்ததையும் வாசகருக்குத் தெரிந்ததையும் குழப்பிக்கொள்வீர்கள். இந்த வகை நாவலில் வரும் ஓட்டைகளில் பாதி அந்தக் குழப்பத்தில் பிறப்பவை.

கதை நடக்கும் மாதத்தின் உண்மையான காலண்டர் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால், அமாவாசை அன்று நிலா வெளிச்சத்தில் சாட்சி முகத்தைப் பார்த்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வங்கிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வருவார். எடிட்டர் கண்ணுக்குத் தப்பினாலும் வாசகர் கண்ணுக்குத் தப்பாது.

நாவலின் நீளத்தையும் உத்தேசமாக முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்குரியவர்கள் எத்தனை பேர் என்பதை நீளம்தான் தீர்மானிக்கும். ஒவ்வொருவருக்கும் சந்தேகம் எழும் காட்சி ஒன்று, தீரும் காட்சி ஒன்று என்றால் ஏழு பேருக்குப் பதினாலு காட்சி. சிறிய நாவலுக்கு நாலு பேர் தாராளம்.

1. முதலில் குற்றத்தை எழுதி முடியுங்கள்

ஒரு மாதிரியை வைத்துப் பேசலாம். அச்சக முதலாளி ஒருவர் காலை 7 மணிக்கு அச்சகத்தில் இறந்து கிடக்கிறார். வாசகருக்குக் கதை இங்கே தொடங்குகிறது. உங்கள் ‘நடந்தது’ ஃபைல் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

மாலை 6:40: ஒரே தாள் லோடுக்கு இரண்டு பில் போடப்பட்டிருப்பதை முதலாளி கவனிக்கிறார்.

7:15: பல வருடமாகக் கூடவே இருக்கும் கணக்காளரை ஃபோனில் கூப்பிடுகிறார்.

8:30: கணக்காளர் வருகிறார். வாசலில் காவலாளி இல்லை.

8:50: பேச்சு முற்றி, கைக்கு அகப்பட்ட இரும்புச் சட்டத்தால் அடி.

9:05: காலை வேலைக்காகத் தாள் ஏற்றி வைத்திருந்த எந்திரத்தை ஓடவிட்டுவிட்டுக் கிளம்புகிறார்.

9:30 முதல் நள்ளிரவு வரை: நண்பர் வீட்டில், நாலு பேர் பார்க்க.

11:00 வாக்கில்: தாள் தீர்கிறது. தீர்ந்ததும் தானே நின்றுவிடும் எந்திரம் அது.

இதை எழுதிய கையோடு ஒவ்வொரு வரிக்கும் ‘இது எங்கே பதிவாகியிருக்கும்?’ என்று கேளுங்கள். 7:15 அழைப்பு ஃபோன் பதிவில் இருக்கும். போலீஸ் அதை மறுநாளே பார்த்துவிடும். அப்படியானால் கணக்காளரிடம் தயாராக ஒரு பதில் இருக்க வேண்டும்: ‘நாளைக்கு டெலிவரி உண்டான்னு கேட்டார்.’ இந்தப் பதிலை இப்போதே எழுதி வைத்தால் பத்தாவது அத்தியாயத்தில் முழிக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஏன் கொன்றார் என்பதைவிட ஏன் அன்றைக்கு என்பது முக்கியம். பணம் பல வருடமாகவே போய்க்கொண்டிருந்தது. பில் கண்ணில் பட்டது அன்று மாலைதான். ‘ஏன் அன்றைக்கு’ என்பதற்குப் பதில் இல்லாத குற்றம், எழுத்தாளருக்குக் கதை தேவைப்பட்டதால் நடந்த குற்றமாகத் தெரியும்.

புதியவர்கள் கொலையாளியை மகா புத்திசாலியாக்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் திட்டமிட்டு, ஐஸ்கட்டி, கண்ணாடி, கடிகாரம் எல்லாம் வைத்துக் கொல்வார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கொலையாளிக்குத் தான் நாவலில் இருப்பது தெரியாது. தன் தொழிலிலும் வாழ்க்கையிலும் கற்றதை மட்டுமே பயன்படுத்துவார். இந்தக் கணக்காளர் எந்திரத்தை ஓடவிடும் பொத்தானை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். தாளில் அச்சு விழ அது மட்டும் போதாது, வேறு லிவர்களையும் இழுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எனவே அந்த இரண்டு மணி நேரமும் எந்திரம் வெற்றுத் தாளைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாத அந்த ஒன்றுதான் நமக்குத் தடயம்.

2. குற்றமற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பொய்

எல்லாரும் உண்மையைச் சொன்னால் நாவல் முப்பது பக்கத்தில் முடிந்துவிடும். கொலையாளி மட்டும் பொய் சொன்னால் முப்பதாவது பக்கத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனவே மற்றவர்களுக்கும் மறைக்க ஏதாவது வேண்டும், அதுவும் கொலைக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் காரணத்துக்காக.

காவலாளி 8:15 முதல் 9:15 வரை வாசலில் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ‘நகரவே இல்லை’ என்கிறார். முதலாளியின் மகன் அன்றிரவு கட்டடத்தை விற்க யாரிடமோ ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். ‘வீட்டில் தூங்கினேன்’ என்கிறார். காவலாளியின் பொய் தன்னை அறியாமலே கொலையாளியைக் காப்பாற்றுகிறது. மகனின் பொய் சந்தேகத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. இப்படி ஒவ்வொரு பொய்யும் விசாரணையை ஏதாவது ஒரு பக்கம் தள்ள வேண்டும். தள்ளாத பொய் வெறும் பக்கநிரப்பி.

இவற்றை ‘நடந்தது’ ஃபைலின் அதே நேர அட்டவணையில் சேருங்கள். 8:30 மணிக்கு ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

3. உடலும் தடயவியலும்

இந்தப் படியில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். சினிமா பார்த்துப் படித்த தடயவியல்தான் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளைக் கவிழ்க்கிறது.

இறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். உடல் விறைப்பு இறந்த 2 முதல் 4 மணி நேரத்தில் முகத்திலும் தாடையிலும் தெரியத் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, அதன்பின் ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துத் தளரும். வெப்பத்தில் இது சீக்கிரம் நடக்கும், குளிரில் தாமதமாகும். உடல் சூடு இறங்குவதும் உடையையும் பருமனையும் அறையின் வெப்பத்தையும் பொறுத்தது. நம் அச்சக முதலாளியைக் காலையில் பரிசோதிக்கும் மருத்துவர் ‘இரவு 8-க்கும் 12-க்கும் நடுவில்’ என்றுதான் சொல்வார். அந்த இடைவெளிதான் கணக்காளருக்குக் கிடைத்த வரம். எந்திரச் சத்தம் 11 மணி வரை கேட்டதால் முதலாளி அதுவரை உயிரோடு இருந்தார் என்று நினைத்து, போலீஸே அதை 11 மணிக்கு மேல் என்று சுருக்கிக்கொள்கிறது. மருத்துவர் ‘8:50’ என்று சொல்லிவிட்டால் கதையே இல்லை.

இறந்தபின் ரத்தம் உடலின் கீழ்ப்பகுதியில் இறங்கித் தோலில் ஊதாத் திட்டுகளாகத் தெரியும். சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் அவை நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் உடலில் நெஞ்சுப் பக்கம் திட்டுகள் இருந்தால், யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள். உடலை இடம் மாற்றும் கதை எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது.

அடிக்கடி தப்பாக வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைரேகை எந்தப் பொருளிலும் கிடைத்துவிடாது. சொரசொரப்பான மரத்திலும் துணியிலும் எடுப்பது கடினம். கிடைத்த ரேகை எப்போது பதிந்தது என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. டிஎன்ஏ ஒருவருடைய தடயம் அங்கே இருந்தது என்பதைச் சொல்லும். அது எப்போது, எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. ரத்தக்கறை தேட அடிக்கும் லுமினால், ப்ளீச்சிங் பட்ட இடத்திலும் ஒளிரும். ஃபோன் டவர் பதிவு ஒரு பகுதியைக் காட்டுமே தவிர அறையைக் காட்டாது. குளோரோஃபார்ம் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் யாரும் சுருண்டு விழ மாட்டார்கள், நிமிடக் கணக்காகும். சைலன்ஸர் மாட்டிய துப்பாக்கியும் நன்றாகவே சத்தம் போடும். சயனைடின் கசப்பு பாதாம் வாசனையை எல்லா மூக்கும் உணராது. தலையில் அடிபட்டு அரை மணி நேரம் மயங்கிக் கிடந்த ஹீரோ, எழுந்ததும் மதில் தாண்டி ஓட முடியாது. அவர் போக வேண்டிய இடம் ஐசியூ.

நிபுணரிடம் கேட்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. புத்தகத்தில் கிடைப்பதைப் படித்து முடித்த பிறகே போங்கள். ‘போலீஸ் எப்படி விசாரிக்கும்?’ என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். ‘அச்சகம், தரையில் உடல், எந்திரத்தில் தாள் குவியல். உள்ளே நுழைந்ததும் முதலில் எதைத் தொடாமல் இருப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. இந்த வேலையில் எரிச்சலூட்டும் விஷயம் எது என்றும் கேளுங்கள். காட்சிக்கு உயிர் தருகிற விவரம் அங்கேதான் கிடைக்கும்.

4. விசாரிப்பவர் யார், அவரால் எதெல்லாம் முடியும்

இந்தக் கேள்வியைக் குற்றம் முடிவான பிறகே எடுங்கள். போலீஸ் அதிகாரி என்றால் ஃபோன் பதிவையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்க முடியும். மேலதிகாரிக்கும் நடைமுறைக்கும் கட்டுப்படவும் வேண்டும். தனியார் துப்பறிவாளர், பத்திரிகையாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அந்தத் தகவல் யார் வழியாக வரும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். ‘கமிஷனர் என் நண்பர்’ என்பது ஒரு தடவை செல்லும், ஒவ்வொரு அத்தியாயத்திலும் செல்லாது.

கைது, காவல், விசாரணை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டில் காலத்துக்குக் காலமும் மாறும். கதை எங்கே, எந்த வருடத்தில் நடக்கிறதோ அந்தச் சட்டத்தைப் பாருங்கள்.

5. தடயத்தைக் கண்முன் வைத்தே மறையுங்கள்

1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர், அவர் பாதிரியாரும்கூட, துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அதில் இரண்டு இன்றைக்கும் ஆடாமல் நிற்கின்றன: குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும்; துப்பறிவாளர் காணும் தடயத்தை வாசகரும் காண வேண்டும். இதை மீறினால் வாசகர் ஏமாந்த மாதிரி உணர மாட்டார், ஏமாற்றப்பட்ட மாதிரி உணர்வார்.

சரி, காட்டியும் ஆக வேண்டும், கவனிக்கவும் விடக் கூடாது. எப்படி? நம் வெற்றுத் தாளை இப்படி வைக்கலாம்:

‘தடயவியல் ஆட்கள் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சட்டைப்பையைத் தடவினார். நோட்டு ஜீப்பிலேயே கிடந்தது. எந்திரத்தின் கோடியில் குவிந்திருந்த வெள்ளைத் தாளில் ஒன்றை உருவி மேசைமேல் வைத்தார். “மெஷின் சத்தம் எத்தனை மணி வரைக்கும் கேட்டுச்சு?” காவலாளி வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் கதவு அறையும் சத்தம். மகன் வந்துவிட்டார்.’

இரண்டு மணி நேரம் அச்சடித்ததாகச் சொல்லப்படும் எந்திரத்தின் கோடியில் வெள்ளைத் தாள்! வாசகர் அதைப் பார்த்துவிட்டார். ஆனால் அதற்கு வேறொரு உபயோகம் கொடுத்துவிட்டோம். உடனே கேள்வி வந்தது, கேள்விக்குப் பதில் வருமுன் ஆள் வந்தார். தாளைப் பற்றி யோசிக்க நேரமில்லை. தடயவியல் ஆட்கள் போன பிறகு இது நடக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் தாளைத் தொட்டால், விவரமான வாசகர் ‘எதற்குத் தொட்டார்?’ என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு வழி, தடயத்தையும் அதன் அர்த்தத்தையும் தள்ளித் தள்ளி வைப்பது. அச்சு விழ என்னென்ன லிவரை இழுக்க வேண்டும் என்பதை எந்திர ஆபரேட்டர் நாலு அத்தியாயம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பையனைத் திட்டும்போது சொல்லட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாசகர் கண்டுபிடித்துவிடுவாரே என்றால், பிடிக்கட்டும். நூற்றில் சிலராவது பிடிக்க முடிந்தால்தான் அது நியாயமான ஆட்டம்.

ஒரே தடயத்தில் முடிவைத் தொங்கவிடாதீர்கள். வெவ்வேறு வகையில் குறைந்தது மூன்று தடயங்கள் வேண்டும்: ஒரு பொருள், ஒரு பேச்சு, ஒரு நடத்தை. வாசகரைத் திசைதிருப்ப வைக்கும் போலித் தடயங்களுக்கும் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டும். மகன் சட்டையில் மை இருந்தது என்றால் அது எப்படி வந்தது என்று சொல்லாமல் முடிக்கக் கூடாது.

6. காட்சிப் பட்டியல்

இப்போதுதான் ‘தெரிவது’ ஃபைலைத் திறக்கிறோம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: யார், எங்கே, எந்த நாள் எத்தனை மணி, வாசகருக்குப் புதிதாக என்ன தெரிகிறது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் காட்சியை வெட்டுங்கள், அல்லது வேறொன்றோடு சேருங்கள்.

தொடர்ச்சியாக மூன்று விசாரணைக் காட்சிகள் வந்தால் ஒன்றை நடுவிலிருந்து எடுத்து, நடக்கும் சம்பவமாக மாற்றுங்கள். ஆள் மாற்றி ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இந்த வகைக் கதையின் பரம்பரை வியாதி.

7. முதல் வரைவு

தினமும் ஒரே நேரம், எட்டிப்பிடிக்கக் கூடிய ஒரு சொல் எண்ணிக்கை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: எழுதும் நேரத்தில் தகவல் தேடப் போகாதீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் ஏதாவது குறியிட்டுவிட்டு, கேள்வியை மூன்றாவது ஃபைலில் போட்டுவிட்டு மேலே போங்கள். விஷத்தைப் பற்றி ஐந்து நிமிடம் தேடப் போனவர் மாலைவரை திரும்பாத கதை எல்லாருக்கும் தெரியும்.

எழுதும்போது பாத்திரங்கள் திட்டத்தை மீறுவார்கள். மீறட்டும். ஆனால் அன்றைக்கே ‘நடந்தது’ ஃபைலில் நேரத்தைத் திருத்திவிடுங்கள். தள்ளிப்போட்டால், பழைய திட்டமும் புதிய கதையும் ஒரே நாவலில் அடித்துக்கொள்ளும்.

8. திருத்தம்: ஒரு சுற்றுக்கு ஒரு வேலை

எல்லாத் தவறையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றால் கண் வாக்கியத்தின் அழகிலேயே நின்றுவிடும். முதல் சுற்றில் நேரத்தை மட்டும் பாருங்கள்: காலண்டரோடும் கடிகாரத்தோடும் ஒவ்வொரு காட்சியும் பொருந்துகிறதா?

இரண்டாவது சுற்று, யாருக்கு என்ன தெரியும் என்பது. ஆறாவது அத்தியாயத்தில் கணக்காளர் ‘அந்த இரும்புச் சட்டம்’ என்கிறார்; எதனால் அடித்தார்கள் என்று போலீஸ் யாரிடமும் சொல்லவில்லை. இதை நீங்கள் வேண்டுமென்றே வைத்தால் அருமையான தடயம். தெரியாமல் வந்திருந்தால் ஓட்டை. அதே பேச்சு மகன் வாயில் வந்திருந்தால், வாசகர் குற்றமற்றவரைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்.

மூன்றாவது சுற்றைக் கொலையாளியின் கண்ணால் படியுங்கள். அவர் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அவர் இப்படித்தான் நடந்துகொள்வாரா? முடிவு தெரிந்த பின் இரண்டாம் முறை படிக்கும் வாசகர் சரியாக இதைத்தான் சோதிப்பார். மொழித் திருத்தம் கடைசியில். வெட்டப்போகும் காட்சிக்குச் சந்தி பார்த்து என்ன பயன்?

9. பிறரிடம் படிக்கக் கொடுப்பது

முழுப் பிரதியையும் கொடுத்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். கதையின் பாதியிலும் முக்காலிலும் நிறுத்தி, ‘யார் மேல் சந்தேகம், ஏன்?’ என்று எழுதி வாங்குங்கள். பாதியிலேயே எல்லாரும் கணக்காளரைச் சொன்னால் ஏதோ ஒரு தடயம் கத்துகிறது. முக்காலிலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் தடயங்கள் போதவில்லை. ஒருவர் ஒரு முறைதான் இந்தச் சோதனைக்கு ஆவார். எல்லாரையும் முதல் வரைவிலேயே செலவழித்துவிடாதீர்கள்.

10. தொழிலாக எடுத்துக்கொள்ளும்போது

பதிப்பகத்துக்கு அனுப்பும் கதைச்சுருக்கத்தில் கொலையாளியின் பெயரை எழுதிவிடுங்கள். ‘மீதியை நாவலில் காண்க’ என்று முடித்தால் எடிட்டருக்கு எரிச்சல்தான் வரும். முடிச்சு நியாயமாக அவிழ்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் படியுங்கள்: அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா மற்றும் வெப் சீரிஸ். விற்கும் பிரதிக்கு ராயல்டியா, மொத்தமாக ஒரு தொகையா, எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். க்ரைம் கதைகளைப் படமாக்கக் கேட்டு வருகிறவர்கள் உண்டு என்பதால், ‘அனைத்து உரிமைகளும்’ என்ற ஒரு வரியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்திரிகைத் தொடராக எழுதினால் டெட்லைன் மட்டும் சிக்கல் இல்லை. மூன்றாவது வாரம் அச்சாகிப்போன நேரத்தை எட்டாவது வாரம் மாற்ற முடியாது. முதல் ஆறு படிகளை முடிக்காமல் தொடருக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

உண்மை வழக்கிலிருந்து கதை எடுப்பதானால் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. ஊர், தொழில், உறவு, குற்றம் நடந்த விதம் எல்லாம் சேர்ந்து ஒருவரை அடையாளம் காட்டினால் அவதூறு வழக்கு வரலாம். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொடும் முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், வழக்கிலிருந்து ஒரு மனச்சிக்கலையோ ஒரு சின்ன விவரத்தையோ எடுத்துக்கொண்டு மற்றதை நீங்களே கட்டுவது மேல். இறந்தவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அதே துப்பறிவாளரை வைத்து இரண்டாவது நாவல் எழுதும் எண்ணம் இருந்தால், முதல் நாவல் அச்சுக்குப் போகும் வாரத்திலேயே அவருக்கென்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். வயது, பிறந்த வருடம், கண்ணாடி உண்டா, எந்தத் தோளில் குண்டு பட்டது, யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தார், எந்த அதிகாரியோடு பேச்சுவார்த்தை இல்லை, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதோடு.